கோல் மார்க்கெட்டிலிருந்து கப்பலுக்கு

டில்லி கோல் மார்க்கெட்டில் குடியிருப்பவருக்கு வசதியான கப்பல் துறை மும்பையில் இருக்கிறது. ரயிலில் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். சென்னைத் துறைமுகம் என்றால் 2,200. கப்பல் சுற்றுலா விளம்பரம் கண்ணில் பட்டதும் டில்லிக்காரர் முதலில் நினைத்துக்கொள்ள வேண்டியவை இந்த இரண்டு எண்கள்தான். கம்பெனி சொல்லும் கட்டணம் துறைமுக வாசலில் தொடங்குகிறது, உங்கள் செலவோ வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

1921இல் கட்டிய அந்த வட்டச் சந்தையைச் சுற்றியிருந்த சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில் ஒரு காலத்தில் தமிழ்க் குமாஸ்தா குடும்பங்கள் நிறைய இருந்தன. மந்திர் மார்க் டி.டி.இ.ஏ. (டில்லித் தமிழ்க் கல்விக் கழக) பள்ளியில் படித்த அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். எல்.டி.சி. என்னும் அரசு விடுமுறைப் பயணச் சலுகையில் கன்னியாகுமரியும் காஷ்மீரும் பார்த்தாகிவிட்டது. இப்போது கப்பலைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களுக்கும், ஸ்கூல் லீவுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்புகிற இளைய குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் குறிப்புகள்.

எந்தக் கப்பல்?

உள்நாட்டில் நன்கு அறிமுகமானது கோர்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’. 1990இல் கட்டிய கப்பல். ராயல் கரீபியனில் நெடுங்காலம் ஓடிவிட்டு, 2021இல் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 11 தளங்கள், ஏறத்தாழ 800 அறைகள். ‘மிதக்கும் அரண்மனை’ என்று விளம்பரம் சொல்வதை நம்பிப் போனால் அறையின் அளவைப் பார்த்து முகம் சுருங்கும். பழைய கப்பல், அறைகள் சிறியவை என்று தெரிந்து போனால் நன்றாக இருக்கும். மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று போகும். தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சென்னைக்கு இடம்பெயர்ந்த ஆண்டுகளும் உண்டு. 2023 ஜூனில் அப்படித்தான் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போகத் தொடங்கியது. நீங்கள் போகும் ஆண்டில் எங்கிருந்து எப்போது என்பதை ஏஜென்ட் வாயால் கேட்காமல், கம்பெனியின் கால அட்டவணையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடு என்றால் டில்லி ஏஜென்ட்கள் முதலில் எடுத்து வைப்பது சிங்கப்பூர். அதைப் பிறகு பார்ப்போம்.

‘ஆரம்ப விலை’ என்ன சொல்கிறது?

கனாட் பிளேஸ் டிராவல் அலுவலகங்களில் கையில் திணிக்கும் துண்டுத்தாளை நிதானமாகப் படியுங்கள். பெரிய எழுத்தில் ஒரு தொகை. அதற்குக் கீழே ‘ஒருவருக்கு, இருவர் தங்கும் அறையில்’ என்று சின்னதாக. இன்னும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், ‘துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. தனி’. சேவைக் கட்டணம் என்பது ஊழியர்களுக்கான டிப்ஸ். தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். எனவே ஏஜென்டிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “எல்லாம் சேர்த்து, எங்க நாலு பேருக்கும், கடைசியா நான் கட்டப்போற தொகை எவ்வளவு? எழுதிக் கொடுங்க.” எழுதித் தர மறுத்தால் அடுத்த கடை.

இரண்டு பேருக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்களுக்குச் சொல்லும் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மும்பையிலிருந்து இரண்டு இரவுப் பயணம், தலைக்கு ₹20,000. இருவருக்கு 40,000. வரி, துறைமுகம், டிப்ஸ் 10,000. போகவர ரயில் 14,000. முந்தின இரவு மும்பையில் தங்கல், டாக்சி 6,000. கப்பலில் கைச்செலவு 6,000. ஆக 76,000, ஓர் ஆளுக்கு ஓர் இரவு 19,000. அதே கப்பலில் ஐந்து இரவு, தலைக்கு 45,000 என்று வையுங்கள். இருவருக்கு 90,000, வரி வகையறா 22,000, ரயில் அதே 14,000, தங்கல் அதே 6,000, கைச்செலவு 12,000. மொத்தம் 1,44,000. ஓர் ஆளுக்கு ஓர் இரவு 14,400.

வார இறுதி இரண்டு இரவுப் பயணம் மும்பைக்காரருக்கு ஏற்றது. அவர் லோக்கல் ரயிலில் வந்து ஏறிவிடுவார். நமக்கு அது விலை குறைவாகத் தெரிந்து கையைக் கடிக்கும் சரக்கு. கையில் 76,000தான் இருக்கிறது என்றால், அவசரப்பட்டு இரண்டு இரவுக்குப் போவதைவிட ஓராண்டு சேர்த்து நான்கைந்து இரவுக்குப் போவதே என் கட்சி. வார நடுவில் கிளம்பும் பயணங்களையும் கேட்டுப் பாருங்கள். சனி ஞாயிறைத் தொட்டாலே விலை ஏறும், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

அறை

ஜன்னல் இல்லாத உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் என்று படிப்படியாக விலை. இரண்டு மூன்று இரவுக்கு உள் அறையே போதும்; தூங்குவதற்கும் குளிப்பதற்கும்தான் அறைக்கு வரப்போகிறீர்கள். சாப்பாடும் நீச்சல் குளமும் மேடை நிகழ்ச்சியும் எல்லோருக்கும் பொது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு என்பதால் பிள்ளைகளோடு ஒரே அறையில் நெருக்கிக்கொண்டால் மிச்சம்தான். தனியாகப் போகிறவருக்குத்தான் நஷ்டம்: பல கம்பெனிகளில் காலிப் படுக்கைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

தலைசுற்றல் பயம் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. நடன அரங்குக்கு நேர்கீழே உள்ள அறை சும்மா கிடைத்தாலும் வேண்டாம். ‘அறை எண்ணைப் பிறகு சொல்கிறோம்’ என்ற ஏற்பாட்டில் விலை குறையும். வயதான அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகிறீர்கள் என்றால் அந்த மிச்சம் தேவையில்லை, லிஃப்டுக்குப் பக்கத்து அறையாகப் பார்த்து வாங்குங்கள்.

எப்போது வாங்குவது?

கடைசி நேரத்தில் கப்பல் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் என்பது உலகம் முழுக்கச் சொல்லும் யோசனை. துறைமுக ஊரில் இருப்பவருக்கு அது பலிக்கலாம். ஆனால் நாம் ரயிலும் பிடிக்க வேண்டும்; ராஜதானி எக்ஸ்பிரஸில் இருக்கைகள் நிறைய நிறையக் கட்டணமும் ஏறும். கப்பலில் மிச்சம் பிடித்ததை ரயில்வே வாங்கிக்கொள்ளும். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாள் முன்பாகத்தான் திறக்கிறது. எனவே கப்பல் விலையை நாலைந்து மாதம் முன்பிருந்தே கவனித்து வாருங்கள். ரத்துக் கட்டணம் குறைவாக உள்ள கட்டத்திலேயே பதிவு செய்துவிட்டு, 60ஆம் நாள் காலை 8 மணிக்கு ரயில் டிக்கெட்டுக்கு உட்காருங்கள். பயண நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறி, கடைசியில் முழுத் தொகையும் போய்விடும். அந்தத் தேதிகளையும் எழுதி வாங்குங்கள்.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் மும்பை சேரும்படி ஒருபோதும் திட்டமிடாதீர்கள். டில்லிப் பனிமூட்டத்தில் ரயிலும் விமானமும் எத்தனை மணி நேரம் தாமதமாகும் என்று ஜனவரியில் ஒருமுறை கிளம்பியவருக்குத் தெரியும். கப்பல் காத்திருக்காது.

பணத்தை முழுக்க ஏஜென்ட் கணக்கில் போட்டுவிட்டு, கப்பல் கம்பெனியின் பதிவு எண் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள். அந்த எண்ணைக் கம்பெனியிடமே சரிபாருங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் தகராறு எழுப்ப ஒரு வழி இருக்கும். 2019இல் மும்பையிலிருந்து ‘கர்ணிகா’ என்ற கப்பலை ஜலேஷ் என்ற நிறுவனம் கோலாகலமாக ஓட்டியது. 2020இல் கோவிட் வந்தது, நிறுவனமே மூடப்பட்டது. ரொம்ப முன்கூட்டி, ரொம்பப் பெரிய தொகை கட்டத் தயங்குவது நியாயம்தான்.

எல்.டி.சி., டி.சி.எஸ்.

தனியார் சொகுசுக் கப்பல் கட்டணத்தை எல்.டி.சி.யில் போட முடியாது. தங்கும் செலவும் அதில் வராது. ஆனால் சொந்த ஊர் தமிழ்நாடு என்று பதிவாகியிருக்கும் மத்திய அரசு ஊழியர் ஒன்றைக் கவனிக்கலாம். டில்லிப் பள்ளிகளின் கோடை விடுமுறை மே நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை. ஊருக்கான எல்.டி.சி.யில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போய், பாட்டி வீட்டில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, சென்னையிலிருந்து அந்த ஆண்டு கப்பல் இருந்தால் சொந்தக் காசில் ஏறலாம். ரயில் செலவும் ஓட்டல் செலவும் கணக்கிலிருந்து கழிந்தன.

வெளிநாட்டு டூர் பேக்கேஜாக வாங்கினால் ஏஜென்ட் டி.சி.எஸ். (விற்பவரே வசூலிக்கும் வரி) பிடிப்பார். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறிவந்திருக்கிறது. அது செலவல்ல, முன்கூட்டிக் கட்டிய வருமான வரி. பான் எண் சரியாகக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். 2024 அக்டோபரிலிருந்து, சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் தெரிவித்து மாதாந்திர வரிப் பிடித்தத்திலேயே இதைக் கழித்துக்கொள்ளலாம். ரிட்டர்ன் வரை காத்திருக்க வேண்டாம்.

சிங்கப்பூர்

டில்லியிலிருந்து நேர் விமானம், சிங்கப்பூரில் தமிழ், கப்பலில் இந்தியச் சைவ உணவு. ‘ஜென்டிங் ட்ரீம்’ போன்ற கப்பல்களில் ஜைன உணவுகூடக் கிடைக்கும். அதனால்தான் இது இங்கே நன்றாக விற்கிறது. விசா விஷயத்தில் ஒரு கண் வேண்டும். கப்பல் மலேசியாவோ தாய்லாந்தோ போய்த் திரும்பினால், சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்கிறதா பாருங்கள். கப்பலில் செலவு அந்நிய நாணயத்தில் போகும், கார்டுக் கட்டணம் வேறு சேரும். பயணக் காப்பீட்டைக் கட்டாயம் எடுங்கள். கப்பல் டாக்டர் பார்த்தாலே பில் டாலர் கணக்கில்தான் வரும்.

கடல்தான் வேண்டும், கேளிக்கை வேண்டாம் என்றால்

எனக்குப் பிடித்தது இதுதான். கொச்சியிலிருந்து லட்சத்தீவு நிர்வாகத்தின் ‘சமுத்ரம்’ சுற்றுலா. எம்.வி. கவரத்தி கப்பலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஐந்து நாள் ஏற்பாடு. இரவில் கப்பல் ஓடும், பகலில் தீவு. மேடை ஆட்டமும் சூதாட்ட அரங்கும் கிடையாது. தீவுக்கு அனுமதி தேவை. பேக்கேஜோடு அதற்கும் ஏற்பாடு செய்வார்கள். இடம் குறைவு, ஆகவே முன்கூட்டிக் கேளுங்கள். இன்னும் சிக்கனம் வேண்டுமானால் சென்னை–போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சர்க்கார் கப்பல். மூன்று நாள் கடல், பங்க் வகுப்பு மிக மலிவு, கழிப்பறை விஷயத்தில் பொறுமை வேண்டும். இளவட்டங்களுக்குச் சரி, அறுபதைத் தாண்டியவர்கள் அறை வகுப்பு எடுங்கள்.

ஏறிய பிறகு

கரை மறைந்ததும் கைபேசியை ஃபிளைட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் தனி நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் வரும் பில் வழக்கமான ரோமிங் பேக்கில் அடங்காது. மதுவுக்கும் குளிர்பானத்துக்கும் பேக்கேஜ் விற்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பீர்கள் என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தால் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. இறங்கும் ஊரில் கப்பல் நடத்தும் சுற்றுலா விலை கூடுதல். கோவா போன்ற இடத்தில் நீங்களே டாக்சி பிடிக்கலாம். படகில் கரைசேர வேண்டிய லட்சத்தீவில் கப்பல் ஏற்பாடே பத்திரம். கடல் சரியில்லை என்று தீவிலே இறக்காமல் போனால் பயணக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. அதை மனதில் வைத்துத்தான் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை நல்லது.

கெட்டில், அயர்ன் பாக்ஸ் ஏற்ற விடமாட்டார்கள். வீட்டில் செய்த புளியோதரையும் பொதுவாக வாசலோடு சரி. மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி அறைக்கு வர மாலையாகிவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளையும் 24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளையும் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாளில் ஓட்டல் வேண்டாம். கப்பல் பெரும்பாலும் காலையில் மும்பை திரும்பும். டில்லி ராஜதானி மும்பை சென்ட்ரலிலிருந்து மாலை ஐந்து மணி வாக்கில். பெட்டிகளை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிட்டு மாதுங்காவுக்குப் போங்கள். நாலைந்து நாள் கப்பல் பஃபே சாப்பிட்ட வயிற்றுக்கு அங்கே ராமா நாயக் உடுப்பியில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும்.