கூடாரத்துக்கு வெளியே நிற்கும் சைக்கிள்

கேள்வி: நானும் என் கணவரும் வரும் ஜூன் மாதம் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, தன்யூப் ஆற்றங்கரையோரமாக சைக்கிளில் போகத் திட்டமிட்டிருக்கிறோம். இருவருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. சைக்கிள்களை இங்கிருந்தே அட்டைப்பெட்டியில் கட்டி விமானத்தில் எடுத்துப் போகிறோம். ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாது என்பதால், வழியில் உள்ள கேம்ப்பிங் மைதானங்களில் கூடாரம் போட்டுத் தங்குவதாக எண்ணம். "அந்த ஊர்ல சைக்கிளை யாருக்கா திருடப் போறாங்க, பூட்டே வேண்டாம்" என்கிறான் என் தம்பி. எனக்கோ வீட்டு வாசலில் நிறுத்தினாலே ராத்திரி இரண்டு முறை எழுந்து பார்க்கும் பழக்கம். கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு வெளியே நிற்கும் சைக்கிளை எப்படிக் காப்பாற்றுவது?

- வாசகி, ஈரோடு

பதில்: தம்பி சொல்வதை நம்பிப் பூட்டில்லாமல் கிளம்பிவிடாதீர்கள். ஜெர்மனியில் மட்டும் 2023-ஆம் ஆண்டில் காவல்துறையிடம் பதிவான சைக்கிள் திருட்டுகள் 2.6 லட்சத்துக்கும் மேல். நகரங்களில்தான் இது அதிகம். ஆற்றங்கரை மைதானங்கள் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் நீங்கள் போகிற சுமார் 320 கிலோமீட்டர் பாதை ஐரோப்பாவில் மிக அதிகம் பேர் சைக்கிளில் செல்லும் பாதைகளில் ஒன்று. கோடையில் ஒரே புல்வெளியில் ஏகப்பட்ட நல்ல சைக்கிள்கள் ராத்திரி முழுக்க நிற்கும். அது திருடர்களுக்கும் தெரியும்.

நான் முதல் முறை அந்தப் பாதையில் போனபோது, ஒரு மைதானத்தில் பின்சக்கரத்து வளையப் பூட்டை மட்டும் போட்டுவிட்டுத் தூங்கினேன். நம் ஊரில் பால்காரர் முதல் வாத்தியார் வரை எல்லார் சைக்கிளிலும் இருந்ததே, போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து நிற்குமே, அதே பூட்டு. அது போட்டால் சக்கரம் சுற்றாது, அவ்வளவுதான். காலையில் சைக்கிள் இல்லை. பூட்டியது பூட்டியபடியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த டச்சுத் தம்பதியின் சைக்கிள்கள் என்னுடையதைவிடப் புதியவை. ஒன்றோடொன்று சேர்த்து, சிமென்ட் தரையில் பதித்த பெஞ்சோடு கட்டிவைத்திருந்தார்கள். இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன. அன்று பஸ்ஸில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு போனது இன்னும் வலிக்கிறது. ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்க முடியும் என்றால், அந்தச் சைக்கிளைப் பூட்டியதாகவே நான் இப்போது கணக்கில் வைப்பதில்லை.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை, இரண்டு சைக்கிள்களையும் ஒரே சுமையாக்குவது. எதிரெதிர்த் திசையில், ஒன்றின் தலைமாட்டில் மற்றதன் வால் வரும்படி ஒட்டி நிறுத்துங்கள். பூட்டு இரண்டின் ஃப்ரேமுக்குள்ளும் நுழைந்து வரவேண்டும். சக்கரத்தை மட்டும் பிடித்தால் போதாது, சக்கரத்தைக் கழற்றி விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோக ஒரு நிமிடம் ஆகாது. அதன் பிறகு அந்த ஜோடியை அசையாத ஒன்றோடு சேர்த்துக் கட்டுங்கள். அசையாதது என்று நினைத்ததை ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். அறிவிப்புப் பலகைக் கம்பம் சில இடங்களில் மண்ணிலிருந்து அப்படியே உருவி வந்துவிடும். பின்னல் கம்பி வேலியை அறுப்பது பூட்டை அறுப்பதைவிடச் சுலபம். கை தடிமனுள்ள இளமரமும் வேண்டாம். மரத்துக்கும் கேடு, உங்களுக்கும் பயனில்லை. நன்கு பருத்த மரம், தரையில் பதித்த மேசை, விளையாட்டுத் திடலின் இரும்புக் கம்பம் ஆகியவை நல்லவை. ஒன்றும் கிடைக்காத இரவில் இரண்டையும் சேர்த்துப் பூட்டிக் கூடாரத்தின் தலைமாட்டில் கிடத்திவிடுங்கள். சுமை ஏற்றும் கேரியரும் ஸ்டாண்டுமாகச் சேர்த்து முப்பது கிலோவைத் தாண்டும் கோணல்மாணலான இரும்பை, தூங்குகிறவர் காதருகே சத்தமில்லாமல் தூக்குவது எளிதல்ல. மேலே ஒரு பழைய தார்ப்பாயைப் போர்த்திவிட்டால் பனி இறங்காது. உள்ளே இருப்பது விலை உயர்ந்ததா, ஓட்டையா என்பதும் வெளியே தெரியாது.

பூட்டு விஷயத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் உறை போட்ட, எண் சுற்றித் திறக்கும் கம்பிப் பூட்டு எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. சட்டைப்பைக்குள் அடங்கும் கட்டர் அதைச் சில நொடிகளில் துண்டாக்கிவிடும். இரும்புப் பட்டைகளை மடக்கிவைக்கும் மடக்குப் பூட்டோ, யு வடிவப் பூட்டோ வாங்குங்கள். யு பூட்டு உறுதியில் ஒரு படி மேல். ஆனால் இரண்டு ஃப்ரேம்களையும் ஒரு மரத்தையும் சேர்த்துப் பிடிக்க அதன் வாய் போதாது. அதனால் கேம்ப்பிங் பயணத்துக்கு என் ஓட்டு நீளமான மடக்குப் பூட்டுக்குத்தான். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அதோடு சக்கரங்களைக் கோத்துக்கொள்ள இரண்டு முனையிலும் வளையம் வைத்த ஒரு கம்பிக் கயிறும் போதும். இவற்றை இங்கிருந்து சுமக்க வேண்டியதில்லை, பாசாவில் சைக்கிள் கடைகள் இருக்கின்றன. சோதித்துத் தரம் கொடுக்கப்பட்ட பூட்டா என்று கேட்டு வாங்குங்கள். ஐரோப்பாவில் டச்சுக்காரர்களின் 'ஏ.ஆர்.டி.' நட்சத்திரக் குறியும், பிரிட்டனின் 'சோல்ட் செக்யூர்' குறியும் நம்பகமானவை. எந்தப் பூட்டையும் மின்சாரத்தில் சுழலும் அறுவைச் சக்கரத்தால் அறுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அது எழுப்பும் சத்தத்துக்கு மைதானமே விழித்துக்கொள்ளும். அதைத் துணிந்து செய்கிறவர் கூடாரங்களுக்கு நடுவே வரமாட்டார்.

அசைந்தால் கத்தும் அலாரம் பூட்டு ஒன்றையும் உங்களுக்குச் சிலர் சிபாரிசு செய்வார்கள். வேண்டாம். காற்றடித்தாலும் பூனை உரசினாலும் கத்தும். மூன்றாவது முறை கத்தும்போது யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள்.

இரவைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். நான் அதைவிட அதிகம் அஞ்சுவது சாயங்கால அரைமணி நேரத்துக்கு. நாள் முழுக்க மிதித்துக் களைத்து வந்து கூடாரம் அடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போவீர்கள். சைக்கிள்கள் கூடாரத்தின் மேல் சாய்ந்து நிற்கும், பைகள் அதிலேயே தொங்கும். அந்த நேரத்தில்தான் மைதானத்தில் ஆள் வருவதும் போவதுமாக இருக்கும். யார் தங்குபவர், யார் வெளியாள் என்று எவருக்கும் தெரியாது. எனவே கூடாரத்தை விரிப்பதற்கு முன் பூட்டைப் போடுங்கள். குளிக்க ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். காலையில் சாமான் கட்டும்போதும் இதே கவனம் வேண்டும். பூட்டைத் திறப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

மைதானத்தில் நுழைந்ததும் வரவேற்பறையில் ஒரு கேள்வி கேளுங்கள்: சைக்கிள் வைக்கப் பூட்டிய அறை இருக்கிறதா? இந்தப் பாதையில் உள்ளவர்கள் சைக்கிள்காரர்களை நம்பிப் பிழைப்பவர்கள். சில மைதானங்களில் கொட்டகையோ அறையோ ஒதுக்கியிருப்பார்கள். அறைக்குள் வைத்தாலும் உங்கள் பூட்டைப் போடுங்கள். சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அறை இல்லையென்றால் கூடாரத்துக்கான இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆற்றை ஒட்டிய இடம் அழகாக இருக்கும். ஆனால் பொதுப் பாதை அதன் பக்கத்திலேயே ஓடும். நான் இரண்டு மூன்று கூடாரங்களுக்கு நடுவே, விளக்கு வெளிச்சம் எட்டுகிற இடத்தைக் கேட்பேன். பக்கத்துக் கூடாரத்துக்காரரிடம் வந்தவுடனே நாலு வார்த்தை பேசிவையுங்கள். மொழி தெரியாவிட்டாலும் சிரிப்பு போதும். உங்கள் முகம் தெரிந்தவர், உங்கள் சைக்கிளில் வேறு ஆள் கை வைத்தால் கேட்பார்.

சின்னச் சாமான்கள்: லைட், காற்றடிக்கும் பம்பு, தூரம் காட்டும் கருவி, கேரியர் பைகள் எல்லாம் கூடாரத்துக்குள். சக்கரமும் சீட்டும் நெம்புகோலைத் திருப்பினால் கழன்று வரும் வகையாக இருந்தால், ஈரோட்டிலேயே கடைக்காரரிடம் சொல்லி அலன் கீ போட்டுக் கழற்றும் ஆணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செலவு அதிகமில்லை.

பகலில் ஆபத்து சூப்பர் மார்க்கெட் வாசலில். ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமை மாலை எல்லாரும் ஒரே கடையில் முட்டிமோதுவார்கள். ஒருவர் உள்ளே போக, ஒருவர் வெளியே நில்லுங்கள். வழியில் வரும் மெல்க் மடாலயத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அன்றிரவுக்கான மைதானத்தில் கூடாரம் அடித்து, சைக்கிளைக் கட்டிவைத்துவிட்டு நடந்து போங்கள். வியன்னாவில் மட்டும் சைக்கிளைத் தெருவில் ராத்திரி விடவே விடாதீர்கள். பயணம் முடிந்த நிம்மதியில் கவனம் தளர்வது அங்கேதான்.

பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவையும் சில உண்டு. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் அச்சு நுழையும் இடத்துக்கு அடியில் பெரும்பாலும் ஃப்ரேம் எண் பொறித்திருக்கும். அதைக் குறித்து, சைக்கிளின் படத்தையும் வாங்கிய ரசீதையும் இருவர் செல்போனிலும் வையுங்கள். பயணக் காப்பீட்டில் சைக்கிள் சேருமா, எவ்வளவு தொகை வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏர்டேக் போன்ற சின்னக் கருவியைச் சீட்டுக்கு அடியில் ஒளித்துவைக்கலாம். அக்கம்பக்கத்து ஐபோன்கள் வழியாக அது இருக்கும் இடம் தெரியவரும். ஆனால் அது பூட்டுக்கு மாற்றில்லை. இடம் தெரிந்தாலும் நீங்களே தேடிப் போகாமல் காவல்துறையிடம் காட்டுங்கள்.

அத்தனைக்கும் பிறகு காணாமல் போனால், முதலில் மைதானத்தையும் ஆற்றங்கரைப் புதரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். விளையாட்டாக எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பிறகு வரவேற்பறை, அதன் பிறகு காவல் நிலையம். ஆஸ்திரியாவில் காவல்துறைக்கு 133, அவசரத்துக்கு இரு நாடுகளிலும் 112. புகார் நகல் இல்லாமல் காப்பீட்டுக்காரர் பேசவே மாட்டார்.

பூட்டு வாங்கியதும் அதன் இரண்டு சாவிகளில் ஒன்றை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள்.