கார் இன்ஜினும் விமான இன்ஜினும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில், சேன்ட்-இமியே பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருக்கிறது ரெனான் என்ற ஊர். பக்கத்து நகரமான லா ஷோ-த-ஃபோனின் விமான நிலையம் 1,000 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் உள்ளது. அங்கே காற்று ஏறத்தாழ 10 சதவீதம் மெலிந்திருக்கும். டர்போ இல்லாத பிஸ்டன் இன்ஜினின் வலுவும் ஏறக்குறைய அதே அளவு குறையும். சிறு விமானம் வைத்திருப்போர் மாற்று இன்ஜின் தேடுவதில் வியப்பில்லை. அவர்களிடையே உலவும் சில நம்பிக்கைகளைத்தான் திருத்த வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: நல்ல கார் இன்ஜினை எடுத்துப் பொருத்தினால் போதும்.

நெடுஞ்சாலையில் சீராக ஓடும் கார், தன் முழு வலுவில் சிறு பங்கையே செலவிடுகிறது. விமானமோ முழு வலுவில் மேலேறி, பிறகு மணிக்கணக்கில் 65 முதல் 75 சதவீதத்தில் பறக்கிறது. சுழல்வேகமும் ஒத்துவராது. சிறு விமானங்களின் பழைய லைகாமிங் இன்ஜின் நிமிடத்துக்கு 2,700 சுற்றில் புரொப்பல்லரை நேரடியாகச் சுழற்றும். பெட்ரோல் கார் இன்ஜின் முழு வலுவைத் தரப் பொதுவாக 5,000 சுற்றுக்கு மேல் வேண்டும். 1.9 மீட்டர் புரொப்பல்லரை 5,500 சுற்றில் விட்டால் அதன் நுனி வினாடிக்கு 540 மீட்டரைத் தாண்டும். ஒலியின் வேகமே 340தான். ஆகவே கியர்பாக்ஸ் வேண்டும். அதோடு எடையும் அதிர்வும் சேர்ந்து வரும்.

முடியாத காரியம் என்றும் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியின் தீலர்ட் நிறுவனம் மெர்சிடிஸ் கார் டீசல் இன்ஜினை மாற்றியமைத்து 2002இல் விமானச் சான்றிதழே பெற்றது. டர்போ இருந்ததால் உயரத்திலும் வலு குறையவில்லை. ஜெட் எரிபொருளிலேயே ஓடியது. ஆனால் 2008இல் நிறுவனம் நொடித்தது. உத்தரவாதங்கள் செல்லாமல் போயின, உதிரிபாக விலை ஏறியது, நல்ல விமானங்கள் தரையில் நின்றன. இன்ஜினின் திறமையைப் போலவே, அதைச் செய்தவர் நிலைத்திருப்பாரா என்பதும் முக்கியம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நம்பிக்கை: பிஸ்டனுக்குப் பதில் சுழலி கொண்ட, பாகங்கள் குறைந்த வாங்கல் (Wankel) இன்ஜினை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஜெனிவாவின் மிஸ்ட்ரல் நிறுவனம் பல ஆண்டுகள் அதற்காகவே உழைத்தது. சந்தையில் நிலைபெற முடியவில்லை. இந்தியாவில் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகமும் அகமதுநகர் வாகன ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 55 குதிரைத்திறன் வாங்கல் இன்ஜின், 2009 மார்ச்சில் கோலாரில் ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானத்தைப் பறக்கவைத்தது. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனாலும் சுழலியின் முனைகளில் உள்ள சீல்களின் தேய்மானம், கூடுதல் எரிபொருள் செலவு, கடும் சூடான புகை ஆகியவை இவ்வகை இன்ஜினின் பழைய சிக்கல்கள்.

நம்பிக்கை: மின்சார விமானம் வெறும் கனவு.

பிபிஸ்ட்ரெல் நிறுவனத்தின் வெலிஸ் எலக்ட்ரோ 2020 ஜூனில் ஐரோப்பியச் சான்றிதழ் பெற்றுவிட்டது. ஆனால் அது பறக்கக்கூடியது அதிகபட்சம் 50 நிமிடம், அதன்பின் சிறிது கையிருப்பு. ஒரு கிலோ பெட்ரோலில் 12 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு. ஒரு கிலோ பேட்டரியில் 0.2 அளவே. மின் மோட்டாரின் உயர்ந்த செயல்திறனைக் கணக்கில் சேர்த்தாலும் இடைவெளி மிகப் பெரிது. விமான நிலையத்தைச் சுற்றிச்சுற்றி இறங்கிப் பழகும் மாணவருக்கு அது இன்றே போதும். ஆல்ப்ஸைக் கடக்க நினைப்பவருக்குப் போதாது.