வேதியியலில் ஓர் இடைச்செருகல்



பழைய நூலுக்கு நடுவே பிற்காலத்தில் யாரோ பாட்டு சேர்த்திருந்தால் அதை 'இடைச்செருகல்' என்று தமிழ் வகுப்பில் சொல்வார்கள். வேதியியலிலும் இடைச்செருகல் உண்டு. அது இல்லாவிட்டால் இப்போதுள்ள செல்போன் பேட்டரி சார்ஜே ஆகாது!

சில பொருள்கள் நோட்டுப் புத்தகம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒரு தாளுக்குள் அணுக்கள் கெட்டியாகப் பிணைந்திருக்கும். ஆனால் தாளுக்கும் தாளுக்கும் நடுவே பிடிப்பு குறைவு. டைட்டானியம் டைசல்ஃபைடு அப்படி ஒரு பொருள். இரண்டு கந்தக அடுக்குக்கு நடுவே ஒரு டைட்டானியம் அடுக்கு, மூன்றும் சேர்ந்து ஒரு தாள்.

1970-களில் அமெரிக்காவில் எக்ஸான் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி விட்டிங்காம், இந்தத் தாள்களுக்கு நடுவே லித்தியத்தை நுழைத்தார். லித்தியம்தான் உலோகங்களிலேயே லேசானது. அது ஓர் எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகி உள்ளே போய் உட்கார்ந்துக்கும். விட்ட எலக்ட்ரான் வெளிக்கம்பி வழியாகச் சுற்றிவரும். அதுதான் மின்சாரம்!

தாள்கள் சுமார் பத்தில் ஒரு பங்கு விலகி இடம் கொடுக்கும், கிழியாது. சார்ஜ் ஏற்றினால் லித்தியம் வந்த வழியே திரும்பிவிடும். விறகு எரிஞ்சா மறுபடி விறகாகாது. இங்கே வீடு இடியாமல் விருந்தாளி மட்டும் வந்து வந்து போகிறார்.

ஆனால் ஓர் ஆபத்து இருந்தது. அந்த பேட்டரியின் மறுமுனையில் இருந்தது வெறும் லித்தியம் உலோகம். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அது ஊசி ஊசியாக வளர்ந்து எதிர்முனையைத் தொட்டால் தீப்பிடிக்கும். 1980-இல் இங்கிலாந்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்ற அடுக்குப் பொருளால் 4 வோல்ட் கிடைக்கும் என்று காட்டினார்கள். 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒருவகைக் கரியை வைத்தார். 1991-இல் சோனி நிறுவனம் இந்த வகை பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97!

இன்றைக்கு பென்சிலில் உள்ள அதே கிராஃபைட்தான் பெரும்பாலும் அந்தக் கரி முனை. கோபால்ட் ஆக்சைடிலிருந்து பாதி லித்தியத்துக்கு மேல் உருவினால் அடுக்குகள் தளர்ந்துவிடும். அதனால்தான் அளவு தாண்டாமல் சார்ஜை நிறுத்த பேட்டரியில் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, இதை மட்டும் மறக்காதீங்க. உப்பிப்போன பேட்டரியை ஆணியால் குத்தாதீங்க, கல்லால் உடைக்காதீங்க. இரண்டு முனைகளும் உள்ளே ஒன்றையொன்று தொட்டால், அதில் இருக்கும் திரவம் நொடியில் பற்றிக்கொள்ளும். பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி