ஈசியு பெட்டியை மாற்றுமுன்

காருக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும், எந்நேரத்தில் தீப்பொறி எழ வேண்டும் என்று கணக்கிடும் மின்னணுப் பெட்டியே ஈசியு. கார் அடிக்கடி நின்றுபோனால் உடனே இப்பெட்டியைக் குறைகூறிச் சம்பளப் பணத்தை இழப்போரை நாம் கண்டிருக்கிறோம். முதலில் பேட்டரியைச் சோதித்தல் வேண்டும்: இயந்திரம் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட், ஓடுகையில் 14 வோல்ட்டை ஒட்டி இருத்தல் நன்று. அடுத்து எர்த் கம்பி. அதன் முனை துருப்பிடித்திருந்தால் நல்ல பெட்டியும் பழுதானதுபோல் தோன்றும். சுரண்டித் துடைத்து இறுக்கினாலே பல வேளைகளில் குறை நீங்கிவிடும்.

பெட்டியே கெட்டிருப்பின், பழைய உதிரிப்பாகம் வாங்குவதில் தவறில்லை. ஆயின் அதன்மேல் அச்சிட்டுள்ள எண் முழுவதும் ஒத்திருத்தல் வேண்டும். கழற்றுமுன் பேட்டரியின் எதிர்மின்முனைக் கம்பியை நீக்குக. திருட்டுத் தடுப்பு அமைப்புள்ள காரில், மாற்றிய பெட்டி நம் சாவியை அறியாது. பட்டறையில் கணினிகொண்டு பதிவு செய்தாலன்றி இயந்திரம் ஓடாது. அதற்கான கூலியையும் பெட்டி வாங்குமுன்னரே கேட்டறிக.