காய்ச்சல் மூன்றாம் நாளா? ரிப்போர்ட்டை இப்படிப் பாருங்கள்

தங்கச்சிமாரே, மாரி மழை விட்டதும் மன்னார் ஓலைத்தொடுவாய் வளவுகளில் சிரட்டை, பழைய டயர், கவிழ்க்காமல் விட்ட வள்ளம் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். பிறகு நுளம்பு பெருகி, வீட்டுக்கு வீடு டெங்குக் காய்ச்சல்தான்.

காய்ச்சல் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறித்துவையுங்கள். மூன்றாம் நாளும் விடாவிட்டால் எஃப்.பி.சி என்கிற முழு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ என்றால் முதல் நாளே.

போன மாரியில் பக்கத்து வீட்டு மாமி, "பிளேட்லெட் 142தானாம்" என்று அழுதுகொண்டு ஓடி வந்தா. வாங்கிப் பார்த்தேன். 142 ஆயிரம் அது. சில லாப்களில் ஆயிரத்தை அலகில் போட்டுவிட்டு எண்ணை மட்டும் அடிப்பார்கள். 150,000 முதல் 450,000 வரை சாதாரண அளவு என்பதால், கொஞ்சம்தான் குறைவு. ஆனால் மாமி முதல் நாள் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருந்தா. அதில் 210. ஒரே நாளில் அவ்வளவு இறக்கம்! அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

பிளேட்லெட்டை மட்டும் பார்க்காதீர்கள். டெங்குவில் பெரும்பாலும் வெண்குழியம் முதலில் இறங்கும். பி.சி.வி (ரத்தத்தில் செங்குழியங்களின் வீதம்) என்று ஒரு வரி இருக்கும். பிளேட்லெட் இறங்க அது ஏறினால், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம். உயிருக்கு ஆபத்து அதில்தான். காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் இது நடக்கும், "சுகமாயிட்டு" என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் கண்டால் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பனடோல் தவிர வேறு வலிமாத்திரை கூடவே கூடாது. இளநீர், கஞ்சி, ஜீவனிக் கரைசல் கொடுங்கள். சிவப்புச் சோடா, பீட்ரூட் வேண்டாம். வாந்தியில் ரத்தம் வந்தாலும் தெரியாமல் போகும்.

அதே ரிப்போர்ட்டில் இருக்கும் ஈமோகுளோபின் (g/dl அலகில்) பெண்களுக்கு 12, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போகக் கூடாது. கிளினிக்கில் தருகிற இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது.

இன்னொன்று. 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. அதே வருடக் கடைசியில் மலேரியாவைப் பரப்பக்கூடிய ஒரு புது நுளம்பு நம்முடைய மன்னாரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். எஃப்.பி.சியை வைத்து மலேரியாவைச் சொல்ல முடியாது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

பழைய ரிப்போர்ட்டை எறியாதீர்கள். நேற்றையதையும் இன்றையதையும் சேர்த்தே வைத்தியரிடம் காட்டுங்கள்.