டி டிரைவ் பெட்டகம் அல்ல

சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டால் பலருக்கும் தோன்றும் முதல் யோசனை, டாகுமென்ட்ஸையும் டவுன்லோட்ஸையும் டி-க்கு அனுப்பிவிடலாம் என்பதுதான். நல்ல யோசனை, விண்டோஸே அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் இந்த இடமாற்றத்தைப் பற்றிச் செவிவழியாகப் பரவிய சில நம்பிக்கைகள், இடப்பற்றாக்குறையைவிடப் பெரிய சங்கடத்தில் கொண்டுபோய் விடும்.

நம்பிக்கை: கோப்புகளை கட் செய்து டி-யில் பேஸ்ட் செய்தால் போதும்.

உண்மை: கோப்புகள் போய்விடும், ஆனால் டாகுமென்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் வைத்திருக்கும் குறிப்பு மாறாது. வேர்டும் எக்செலும் அடுத்த கோப்பைப் பழைய இடத்திலேயே சேமிக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாதி அங்கே, பாதி இங்கே. சரியான வழி: டாகுமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் பக்கத்துக்குப் போய், மூவ் பொத்தானை அழுத்திப் புதிய ஃபோல்டரைக் காட்டுவது. பழைய கோப்புகளையும் கொண்டுபோகவா என்று கேட்கும். யெஸ் என்று சொல்லுங்கள். ஒன்டிரைவ் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஏற்கெனவே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கலாம். முதலில் அந்த பேக்கப்பை நிறுத்திவிட்டு இதைத் தொடுங்கள்.

நம்பிக்கை: டி முழுக்க நம்முடையதுதானே, தனி ஃபோல்டர் எதற்கு? நேரே டி-யையே காட்டிவிடலாம்.

உண்மை: அவசரத்தில் அதிகம் பேர் செய்யும் தவறு இது. டி-யின் வாசலையே காட்டினால் அந்த டிரைவ் முழுவதும் உங்கள் டாகுமென்ட்ஸ் ஆகிவிடும். பிறகு மனம் மாறி, கோப்புகளோடு சி-க்குத் திரும்பலாம் என்றால், டி-யில் இருக்கும் சினிமா, கேம்ஸ் எல்லாவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வரப் பார்க்கும். பிக்சர்ஸையும் அதே இடத்துக்கு அனுப்பினால் இரண்டும் கலந்துபோய்ப் பிரிப்பதே பாடாகிவிடும். டி-க்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அறை. இரண்டு நிமிட வேலைதான்.

நம்பிக்கை: தனித்தனியாக மாற்றுவதைவிட யூசர்ஸ் ஃபோல்டரையே மொத்தமாகத் தூக்கி டி-யில் வைப்பது மேல்.

உண்மை: வேண்டாம். அதற்குள் ஆப்டேட்டா என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டர் உண்டு. நிரல்கள் தங்கள் அமைப்புகளை வைத்திருப்பது அங்கேதான். பயனர் ஃபோல்டர்கள் மொத்தத்தையும் வேறு டிரைவில் வைத்தால் விண்டோஸை அடுத்த பதிப்புக்கு உயர்த்துவது தடைபடும் என்று மைக்ரோசாஃப்ட்டே எச்சரித்திருக்கிறது. லொகேஷன் பக்கம் உள்ள ஃபோல்டர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: மாற்றிவிட்டால் கம்ப்யூட்டர் வேகமாகும்.

உண்மை: சி மூச்சுமுட்ட நிறைந்திருந்தால் கொஞ்சம் இளைப்பாறும், அவ்வளவுதான். டி பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால், அங்கே போன பெரிய கோப்புகள் முன்பைவிட மெதுவாகத்தான் திறக்கும்.

நம்பிக்கை: என் லாகினுக்கு பாஸ்வேர்டு இருக்கிறது, டி-யில் இருந்தாலும் வேறு யாரும் பார்க்க முடியாது.

உண்மை: சி-யில் உங்கள் பயனர் ஃபோல்டருக்கு விண்டோஸ் காவல் போட்டிருக்கிறது; அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத மற்றவர் அதற்குள் நுழைய முடியாது. டி-யில் புதிதாகத் திறக்கும் ஃபோல்டருக்கு அந்தக் காவல் பொதுவாகக் கிடையாது. அதே கணினியில் தன் பெயரில் லாகின் செய்யும் எவரும் திறந்து பார்க்கலாம், அழிக்கவும் செய்யலாம். வீட்டில் பலர் பயன்படுத்தும் கணினி என்றால், அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

நம்பிக்கை: டி-க்குப் போய்விட்டால் கோப்புகள் பத்திரம்.

உண்மை: மற்ற நம்பிக்கைகளுக்கெல்லாம் தாய் இதுதான். இதில் பாதி மெய். சி-யை மட்டும் ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டால் டி-யில் இருப்பது தப்பிக்கும். ஆனால் பல லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே எஸ்எஸ்டியின் இரண்டு பார்ட்டிஷன்கள். ஒரே குடிசைக்குள் நடுவில் தட்டி கட்டியது போல. கூரை விழுந்தால் இரண்டு பக்கமும்தான் விழும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரும் சி, டி என்று பேதம் பார்க்காது. வெளியே இன்னொரு டிஸ்க்கிலோ கிளவுடிலோ நகல் இருந்தால்தான் பத்திரம்.

ஃபார்மட் செய்யும் முன் இன்னொன்றும் உண்டு. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிரைவ்கள் தாமாகவே என்க்ரிப்ட் ஆகியிருக்கும். சி-யை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு டி-யைத் திறக்கப் போனால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்; முன்கூட்டியே பார்த்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். அந்தத் தாளை லேப்டாப் பைக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்.