இறங்கும் வழியை முதலில் பாருங்கள்

மலைக்குப் போகிற ஒல்லியான ஆள் காட்சியைத் தேடுவார். நூறு கிலோவைத் தாண்டிய என்னைப் போன்றவர் திரும்பும் வழியைத் தேடுவார். இதைப் பயம் என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. பெரிய உடம்பு கற்றுக்கொடுக்கிற கணக்கு இது. பழநியிலும் சரி, கொடைக்கானலிலும் சரி, பக்கத்தில் இருப்பவர்களின் கேலிக்குக் கூசி இந்தக் கணக்கைக் கைவிடுவதுதான் நம் முட்டியைக் காவு வாங்குகிறது.

பழநி என்றதும் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். சுமார் 690 படிகள், 1966இல் வந்த விஞ்ச், 2004இல் வந்த ரோப் கார். டிக்கெட், வரிசை எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். கோட்டை விடுவது, ‘ஏறத்தானே கஷ்டம், இறங்கும்போது நடந்துவிடலாம்’ என்கிற இடத்தில். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் ஆறிவிடும். இறங்கும்போது அடி வாங்குவது முட்டி. செயற்கை மூட்டுக்குள் அளவுமானி பொருத்தி அளந்திருக்கிறார்கள்: படி ஏறுகையில் முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல், இறங்குகையில் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 120 கிலோ உடம்புக்கு இறங்கும் ஒவ்வொரு படியிலும் அது 400 கிலோவைத் தாண்டுகிறது. மூச்சிரைப்பு அப்போதே எச்சரிக்கும். முட்டி மறுநாள் காலையில்தான் வாய் திறக்கும். ஆகவே விஞ்ச் ஒரு பக்கத்துக்குத்தான் வாய்க்கும் என்றால், அதை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். (இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தே போகட்டும்.) பலத்த காற்றடித்தால் ரோப் கார் நின்றுவிடும், பராமரிப்புக்கும் மூடுவார்கள். அப்போது கைகொடுப்பது சரிவு குறைந்த யானைப் பாதை. பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கொடைக்கானலில் எல்லாம் தலைகீழ். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்னும் பாறை முனைக்குப் போவது இறக்கம். உற்சாகமாக இறங்கி முடித்த பிறகுதான் ஏற்றம் காத்திருக்கும். அதுவும் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைந்த காற்றில். ‘முடியாவிட்டால் திரும்பிவிடலாம்’ என்பது அங்கே செல்லாது, திரும்புவதுதான் கஷ்டமே. 1872இல் அமைத்த கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் என்றால் நினைத்த இடத்தில் திரும்பலாம். மூடுபனி விலகினால் காட்சியிலும் குறைவில்லை.

‘எடையைக் குறைத்தால் தீர்ந்தது’ என்பார்கள். குறைக்கட்டும், நல்லதுதான். ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். இத்தனை பேரும் மெலிகிற வரைக்கும் தைப்பூசம் காத்திருக்குமா? ‘நடந்து ஏறினால்தான் புண்ணியம்’ என்பவர்கள் பழநி மலையின் கதையையே மறந்துவிட்டார்கள். உலகைச் சுற்றி வந்த தம்பி கோபித்துக்கொண்டு நின்ற இடம் அது. அம்மையப்பனைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கியவர் தொந்திக்காரர்தான். கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வருமுன் வெள்ளைக்காரர்கள் பலர் கூலியாட்களின் தோளில், நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்துதான் மலையேறினார்கள். அவர்களுக்கு யாரும் உடற்பயிற்சி போதிக்கவில்லை. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து விஞ்சில் உட்காருகிறவருக்கு மட்டும் எதற்கு இந்தப் பாடம்?